நாற்பத்தொன்றாம் பகுதியில் வாசிக்கப்பட்ட மனு

7 ஜூலை 2024, ஞாயிறு

உறுதியானது: ‘மனு நாள்’ தொடரின் 41ஆம் பகுதியில், பதினோராவது நிமிடம் இருபதாவது நொடியில், தலைமை எழுத்தர் கோதண்டம் கையில் பிடித்திருக்கும் தாளில் எழுத்து இருக்கிறது. படிக்கவும் முடிகிறது. ஆதாரம்: பெனடிக்ட் இன்று காலை ரசிகர் வாட்ஸாப் குழுவில் போட்ட படம். வடபழனியில் படத்தொகுப்பு வேலை செய்பவர். தொடரின் மூல நாடா ஒன்றைத் தேடிப் பிடித்துக் கணினிக்கு மாற்றியிருக்கிறார். இத்தனை நாள் நாங்கள் பார்த்து வந்தது மங்கலான யூடியூப் பிரதி.

‘மனு நாள்’ 2000 முதல் 2002 வரை வாரம் ஒரு முறை வந்த நகைச்சுவைத் தொடர். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்கும் பிரிவுதான் களம். ஆறு மேசை, ஐந்து நாற்காலி, ஒரு மின்விசிறி. குழுவில் இன்றைக்கு 212 பேர். பாதிப்பேர் தொடர் வந்தபோது பள்ளிக்கூடம் போனவர்கள். 41ஆம் பகுதியைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அதில் கோதண்டம் ஒரு மனுவை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, செய்தி வாசிப்பவர் குரலில் படிப்பார்:

“என் கணவர் கோபக்காரர் அல்ல. பசி வந்தால் மட்டும் பேசமாட்டார். ஆகையால் அவரைக் கண்டுபிடிக்கும் அதிகாரிகள் முதலில் சாப்பாடு கொடுக்கவும், பிறகு விசாரிக்கவும்.”

ஐந்து மேசைகளும் சிரிக்கும். கோதண்டம் சிரிக்கமாட்டார். அதுதான் அந்தக் காட்சி. கடைசி வரியை ஸ்டிக்கராக்கி தினமும் மதியம் ஒரு மணிக்கு யாராவது குழுவில் போடுகிறார்கள். அயனாவரத்தில் ஒரு மெஸ் வாசலில் பலகையாகவே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெனடிக்டின் படத்தில் தாளின் இடது மேல் மூலையில் பச்சை நிறத்தில் ஏதோ குறி. சரியாகத் தெரியவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாலையில் மழை இல்லை.

8 ஜூலை, திங்கள்

படத்தைப் பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். ‘பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மதுரை. மனுதாரர்: ஒச்சம்மாள், க/பெ தவமணி, குளத்துப்பட்டி, உசிலம்பட்டி வட்டம். நாள்: 4.10.99.’ கீழே, கணவர் முறுக்குக் கம்பெனியில் மாஸ்டர் வேலைக்கென்று ஏஜெண்டு ஒருவரோடு வடக்கே போனவர், பதினான்கு மாதமாகக் கடிதம் இல்லை என்று இருக்கிறது. அதற்கும் கீழே கோதண்டம் படித்த வரிகள், ஓர் எழுத்துகூட மாறாமல்.

குழுவில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷாகுல் (திருச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், குழுவை நடத்துபவர்): “ஆர்ட் டைரக்டர் தெய்வம்யா! கேமராவுக்குத் தெரியாத பேப்பர்ல இவ்ளோ எழுதி வச்சிருக்காப்ல.”

பெனடிக்ட்: “எனக்கு அப்படித் தோணல தலைவரே. கையெழுத்தப் பாருங்க. கீழ கைரேகை வேற இருக்கு. செட்டுக்கு யாரு கைநாட்டு வைப்பா?”

கலைவாணி (நாமக்கல்லில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர்): “பச்சை இங்க்கைப் பாத்தீங்களா? அது கெஜட்டட் ஆபீசர்தான் போடுவாங்க. எங்க ஆபீசுல பச்சைப் பேனாவ நாங்க தொட்டாலே திட்டு விழும். இது ஒரிஜினல் மனு. கலெக்டர் ஆபீஸ் தபால்ல இருந்து வெளிய வந்திருக்கு.”

ஷாகுல்: “அப்போ நாம இத்தன வருஷமா சிரிச்சது?”

பிறகு யாரோ பழக்கத்தில் அந்த ஸ்டிக்கரைப் போட்டார்கள். உடனே அழித்துவிட்டார்கள்.

ஷாகுல்: “எத்திராஜ் சார் இருக்காரே. முப்பத்தாறு வருஷம் பத்திரிகைல இருந்தவரு. சார், நீங்க சொல்லுங்க, இது நெஜமா?”

‘பார்க்கிறேன்’ என்று பதில் போட்டேன்.

9 ஜூலை, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் பழுது. ஆள் வரவில்லை.

11 ஜூலை, வியாழன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுவதென்று குழு முடிவு செய்திருக்கிறது. 4.10.99 தேதியிட்ட இந்த மனு எந்த எண்ணில் பதிவானது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, வெளியாட்கள் கைக்கு எப்படிப் போனது: மூன்று கேள்விகள். வாசகம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். சுருக்கமாக, தப்பிக்க வழி வைக்காமல் எழுதியிருக்கிறேன். ஷாகுல் தன் பெயரில் நாளை அனுப்புகிறார். முப்பது நாள் கெடு.

“சார், என்னா ஒரு டிராஃப்ட்! கத்தி மாதிரி இருக்கு” என்றார் போனில்.

மோட்டார் சரியானது.

14 ஜூலை, ஞாயிறு

உறுதியானது: அந்த வரியை வசனகர்த்தா எழுதவில்லை. ஆதாரம்: அவரேதான். ஷாகுல் தொலைபேசியில் பேசி, அனுமதி கேட்டுப் பதிவு செய்து, குழுவில் போட்டிருக்கிறார். எழுபத்துமூன்று வயது. குரல் தெளிவாக இருக்கிறது.

“என் ஸ்கிரிப்டுல ‘கோதண்டம் ஒரு மனுவைப் படிக்கிறார்’னு மட்டும்தான்பா இருந்தது. என்ன படிக்கிறதுன்னு நான் எழுதல. அவர் மேசையில கிடந்த கட்டுல கைய விட்டு ஒண்ண எடுத்துப் படிச்சுட்டார். செட்டே விழுந்து விழுந்து சிரிச்சது. டைரக்டர், ‘இதுக்கு மேல என்ன வேணும், ஓகே’ன்னுட்டார். பேட்டியிலெல்லாம் அது நான் எழுதினதுன்னு சொல்லிட்டேன். யாரும் வந்து கேக்கலையே. பேப்பர் எங்கேருந்து வந்ததுன்னு தெரியாது. ஆர்ட் அசிஸ்டெண்ட் பையன் எங்கேயோ போய் ஒரு நாலஞ்சு மூட்டை கொண்டுவந்தான்.”

கோதண்டமாக நடித்தவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த உதவியாளரும் 2011இல் விபத்தில் இறந்துவிட்டதாக வசனகர்த்தா சொல்கிறார். இதை வேறு யாரிடமும் சரிபார்க்கவில்லை.

ஒரு திருத்தம்: நாலைந்து மூட்டை அல்ல. இரண்டு.

15 ஜூலை, திங்கள்

மனைவி கோமளா சமையலறையிலிருந்து வந்து என் பின்னால் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

“இது எத்தனாவது தடவை?”

“எது?”

“அந்த ஆள் பேப்பர் படிக்கிறது. காலைலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். காமெடிங்கிறீங்க. ஒரு தடவகூட நீங்க சிரிச்சுப் பாக்கல.”

“பழைய விஷயம் ஒண்ணு சரிபார்க்கணும்.”

“சரிபாருங்க. ஆனா சத்தத்தைக் குறைங்க. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கல.”

அந்த நாடாவில் சிரிப்பொலி தனியாகச் சேர்க்கப்பட்டது. முப்பது பேரை உட்காரவைத்து ஒரே நாளில் பதிவு செய்ததை எல்லாப் பகுதிக்கும் ஒட்டினார்கள் என்று பெனடிக்ட் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்தச் சிரிப்பு இந்த மனுவுக்கானது அல்ல. ஐந்து மேசைக்காரர்கள் சிரித்ததுதான் இந்த மனுவுக்கானது. அதுவும், நாடெங்கும் வீடுகளில் சிரித்ததும்.

எங்கள் வீட்டிலும் சிரித்தோம். 2001 மார்ச், வெள்ளி இரவு ஒளிபரப்பு. நானும் சிரித்தேன். அடையாளம் தெரிந்தது அதற்குப் பிறகு.

19 ஜூலை, வெள்ளி

நான்கு நாளாக எழுதவில்லை. எழுதாமல் இருப்பதும் ஒரு பதிவுதான், ஆனால் தவறான பதிவு.

பச்சை மை என்னுடையது.

பத்திரிகையில் எனக்குப் ‘பொதுமக்கள் குறை’ பகுதி 1996 முதல் 2000 முடிய. கலெக்டருக்கு மனு கொடுப்பவர்கள் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புவார்கள். பெரும்பாலும் நகல் என்பது இன்னொரு அசல்தான். அதிலும் கையெழுத்தோ ரேகையோ இருக்கும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வரும். படித்ததற்கு அடையாளமாக மூலையில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வட்டமிடுவேன். பச்சைப் பேனா வைத்திருந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. அதிகாரிகள் வைத்திருந்தார்கள், நானும் வைத்திருந்தேன். கலைவாணி சொன்னதில் தவறில்லை. நான்தான் அந்தப் பேனாவுக்கு உரியவன் அல்ல.

2000 டிசம்பரில் ஒரு ஆள் வந்தார். அரசு அலுவலகம் செட் போடுகிறோம், பழைய காகிதம் வேண்டும், வெற்றுத்தாள் வைத்தால் கேமராவில் பொய்யாகத் தெரிகிறது என்றார். என் அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு மூட்டைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். லிஃப்ட்வரை ஒரு மூட்டையை நானே இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த மனு இரண்டு பக்கம். குண்டூசியால் இணைத்திருந்தது. ஏஜெண்டு பெயர், கம்பெனி முகவரி, யாருக்கெல்லாம் நகல் என்கிற விவரம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில். அது மூட்டையில் போகவில்லை.

மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் யாரோ ஓர் எழுத்தர் இப்போது என் மூன்று கேள்விகளுக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

21 ஜூலை, ஞாயிறு

உறுதியானது: ஒச்சம்மாள் உயிரோடு இருக்கிறார். வயது அறுபத்தொன்று. அதே ஊர், அதே வீடு. ஆதாரம்: ஷாகுல். நேற்று திருச்சியிலிருந்து பஸ்ஸில் போய் நேரில் பார்த்திருக்கிறார். ஒச்சம்மாள் பேசியதைப் பதிவு செய்து குழுவில் போட்டார். நான்கு நிமிடம். கேட்டு எழுதுகிறேன்.

“டிவியில வந்துச்சுல்ல, அதக் கேக்குறீகளா? பாத்தேன்யா. அப்ப எங்க வீட்ல டிவி இல்ல. மாரியக்கா வீட்ல எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாக. நான் வாசல்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். என் எழுத்து காதுல விழுகுது. நான் சொல்லச் சொல்ல மனு எழுதுறவரு எழுதுனது. ‘இதெல்லாம் போடணுமாத்தா’ன்னு கேட்டாரு. ‘போடுங்கய்யா, அவரப் பத்தி வேற யாருக்குத் தெரியும்’னேன். அப்படியே வாசிக்கிறாக. ஓடிப்போய்ப் பாத்தேன். கண்ணாடி போட்ட பெரியவரு ஒருத்தரு, பெரிய ஆபீசு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மனு அம்புட்டுத் தூரம் போயிருச்சுன்னு.”

ஷாகுல் ஏதோ மெதுவாகக் கேட்கிறார்.

“சிரிச்சாகதான். அது என்னமோ நாடகம்னு பெறகு சொன்னாக. சிரிச்சா என்னய்யா. ஊரு பூராக் கேட்டுச்சுல்ல. அவரும் எங்கனயாச்சும் ஒரு டிவியில கேட்டிருப்பாருல்ல. நம்மளத் தேடுறாகன்னு தெரிஞ்சிருக்கும்ல.”

அதற்குப் பிறகு கோழி கூவுகிற சத்தம். பதிவு முடிகிறது.

தவமணியின் அண்ணன் தம்பிகள் பத்து வருடத்துக்கு முன்பே காரியம் செய்துவிடலாம் என்றார்களாம். ஒச்சம்மாள் சம்மதிக்கவில்லை. தாலியும் பொட்டும் அப்படியே இருப்பதாக ஷாகுல் எழுதியிருக்கிறார். டிவியில் வாசித்த மனுவுக்குப் பதில் வராமலா போகும் என்று அண்ணன் தம்பிகளிடம் கேட்டாராம்.

குழுவில் இன்று மதியம் ஒரு மணிக்கு யாரும் எதுவும் போடவில்லை.

22 ஜூலை, திங்கள்

1999 நோட்டுப் புத்தகங்கள் பரணில் இருந்தன. கோமளா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நவம்பர் மாதத்து நோட்டு. இரண்டாம் பக்கம் அதில்தான் செருகியிருந்தது. குண்டூசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று நான் எழுதிய குறிப்பை நகல் எடுக்கிறேன்:

‘18.11.99. தேவ்காவ், மராட்டியம். அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் தமிழர், பெயர் சொல்ல விரும்பவில்லை, தொலைபேசியில்: நான்கைந்து மாதத்துக்கு முன் முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்க் கொப்பரை கவிழ்ந்து தீ. தமிழ் மாஸ்டர் ஒருவர் இறந்தார். பெயர் தவமணி அல்லது தங்கமணி. உறவினர் வரவில்லை. மூன்றாம் நாள் நகராட்சி தகனம். போலீஸ்: அடையாளம் தெரியாத ஆண் என்றுதான் பதிவு. கம்பெனி: அப்படி யாரும் இல்லை. இரண்டாவது ஆதாரம் தேவை. நிலுவை.’

‘நிலுவை’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இதில் பிழை இல்லை. ஒரே ஆதாரம், அதுவும் பெயர் இல்லாத ஆதாரம். பெயரிலேயே சந்தேகம். இதை வைத்துச் செய்தி போட முடியாது. உறுதியாகாத சாவை மனைவியிடம் சொல்லவும் கூடாது. எங்கள் ஆசிரியர் அன்று அதைத்தான் சொன்னார். நான் அவரிடம் இதைக் காட்டினேனா என்பது நினைவில்லை.

கோமளாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அப்புறம் யார்கிட்ட கேட்டீங்க?”

“விமானக் கடத்தல், அப்புறம் புத்தாயிரம் சிறப்பிதழ்... வேலை இருந்தது.”

“நான் அதக் கேக்கல. ரெண்டாவது ஆதாரத்த யார்கிட்ட கேட்டீங்க?”

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். சமையலறையிலிருந்து, “பேப்பர்ல போடுறதுக்குத்தான் ரெண்டு ஆதாரம். ஒரு கார்டு எழுதிப் போடுறதுக்குமா?” என்றாள்.

24 ஜூலை, புதன்

ஷாகுலுக்கு இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் நிறுத்திவிட்டேன்.

28 ஜூலை, ஞாயிறு

குழு தேடுகிறது. தவமணியின் பழைய கல்யாணப் போட்டோவைப் பெனடிக்ட் வயதாக்கி, எழுபது வயதில் எப்படி இருப்பார் என்று ஒரு படம் செய்திருக்கிறார். ரசிகர்கள் பத்தாயிரக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

இன்று பண்டரிபுரத்திலிருந்து ஒரு படம் வந்தது. தரிசனத்துக்குப் போன ஒருவர் அனுப்பியது. ஆற்றுப் படிக்கட்டில் தாடியோடு ஒரு முதியவர். ‘தமிழில் கேட்டேன், நிமிர்ந்து பார்த்தார். சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். பேசவில்லை.’

கலைவாணி: “மூக்கு அப்படியே இருக்கு.”

ஷாகுல்: “அம்மாகிட்ட காட்டிட்டேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. ‘ஆளு மெலிஞ்சு போயிட்டாரு’ன்னு மட்டும் சொன்னாங்க. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். டிக்கெட் போட்டாச்சு.”

பெனடிக்ட்: “எத்திராஜ் சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?”

‘ஒரே ஆதாரத்தை நம்பிக் கிளம்புவது சரியல்ல’ என்று எழுதினேன். அனுப்பினேன். எழுதிய வரியில் தவறில்லை. ஆனாலும் படித்துப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஷாகுல்: “சார், இருபத்தஞ்சு வருஷத்துல இது ஒண்ணுதான் சார் கெடச்சிருக்கு.”

30 ஜூலை, செவ்வாய்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஷாகுலிடம் சொன்னேன். நோட்டுக் குறிப்பை அப்படியே படித்தேன். இடையில் ஜெராக்ஸ் எந்திரத்தின் சத்தம் நின்றது. கடைக்கு வந்தவரைப் பிறகு வரச் சொன்னார் போலிருக்கிறது.

“சார், ஆர்டிஐ நீங்கதான எழுதிக் கொடுத்தீங்க?”

“ஆமாம்.”

“அது கலெக்டர் ஆபீஸ் பேப்பர் இல்லன்னு தெரிஞ்சேவா?”

“தெரிந்துதான்.”

“நான் உங்கள எவ்ளோ பெருமையா... சரி விடுங்க. அந்தம்மா துணிமணி எடுத்து வச்சிட்டாங்க சார். அவருக்கு வேட்டி சட்ட வாங்கியிருக்காங்க. நீங்க பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் அந்தப் போட்டோவையே காட்டியிருக்கமாட்டேன்.”

“நான் குறிப்பில் இருப்பது உறுதியில்லை என்பதால்...”

“சார். பண்டரிபுரம் மட்டும் உறுதியா?”

பிறகு கேட்டார்: “யாரு சொல்றது அவங்ககிட்ட?”

நான் போகிறேன் என்றேன். “நானும் வர்றேன். ஆனா வாயத் தொறக்கமாட்டேன். நீங்கதான் பேசணும்” என்றார்.

1 ஆகஸ்ட், வியாழன்

பகல் ரயிலில் மதுரை. நோட்டு, இரண்டாம் பக்கம், ரத்த அழுத்த மாத்திரை. கோமளா கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். செங்கல்பட்டு தாண்டியதும், வரச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

2 ஆகஸ்ட், வெள்ளி

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் ஷாகுல் நின்றிருந்தார். முதல் முறையாக நேரில் பார்க்கிறோம். கை கொடுக்கவில்லை. ஆட்டோவில் இருபது நிமிடம்.

ஒச்சம்மாள் உயரமானவர். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மஞ்சள் பையில் புது வேட்டியின் ஓரம் தெரிந்தது.

“நாளைக்குத்தான ரயிலு? இன்னைக்கே வந்துட்டீக. இவுக யாரு?”

ஷாகுல் என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒச்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கீழே இருந்த ரேகையைப் பார்த்ததும் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“இது என் மனுவுல உள்ளது. ஒங்ககிட்ட எப்படி?”

சொன்னேன். வரிசையாக, தேதியோடு. நகல் எனக்கு வந்தது, நான் படித்தது, குறி போட்டது, தேவ்காவுக்குப் போன் செய்தது, கேட்டது, எழுதி வைத்தது. மூட்டையைக் கொடுத்தது. டிவியில் பார்த்தது. அவர் குறுக்கே பேசவில்லை. தீ என்று சொன்ன இடத்தில் மட்டும் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். கொஞ்சம் கழித்துத் தலையசைத்தார். தொடர்ந்தேன்.

“அப்ப நான் மனு எழுதிக் குடுக்கையிலேயே அவரு இல்ல.”

“இது உறுதியில்லை, அம்மா. ஒருவர் போனில் சொன்னதுதான். பெயரிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது.”

“தவமணியா தங்கமணியான்னா?”

“ஆமாம்.”

“அந்தாளு மாஸ்டரு, தமிழாளு, எண்ணெச்சட்டி. அந்தக் கம்பெனியில எத்தன தமிழாளுய்யா இருந்திருப்பாக?”

நான் நோட்டை மூடி வைத்தேன்.

“நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா அந்த இட்லிக்கடைக்காரரு இன்னொரு தரம் போய்ப் பாத்திருப்பாருல்ல.”

“பார்த்திருப்பார்.”

“கேக்கல.”

“கேட்கவில்லை.”

அவர் என்னைத் திட்டுவார் என்று ஷாகுல் எதிர்பார்த்தார், நானும்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “யாரு மதினி?” என்று கேட்டார். “டிவிகாரக” என்றார் ஒச்சம்மாள். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தார்.

“அந்தப் படித்துறையில உக்காந்திருக்கிறவரு யாரு அப்ப?”

“தெரியாது, அம்மா.”

“அவருக்கும் வீட்ல யாராச்சும் இருப்பாக.” பையை எடுத்து ஷாகுலிடம் கொடுத்தார். “இத அவருக்குக் குடுத்துருங்கப்பா. அங்கிட்டு யாராச்சும் போனா.”

ஷாகுல் பையை வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் எழுந்தபோது ஒச்சம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்தத் தேதி?”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னார்: “அவரு போன தேதி. வருசா வருசம் கும்பிடணும்ல. நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடின்னா எந்த நாளுன்னு வச்சுக் கும்பிடுறது? இருபத்தஞ்சு வருசம் கும்பிடாம விட்டுட்டேன். ஆளுக்கு ஒரு நாளு வேணும்.”

அந்தத் தேதியைக் கண்டுபிடித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் யாரிடமும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

உறுதியானது: தேவ்காவ் நகராட்சியில் 1999ஆம் ஆண்டுத் தகனப் பதிவேடு அழியாமல் இருக்கிறது. ஆதாரம்: புனேயில் வேலை பார்க்கும் குழு உறுப்பினர் ஒருவர். நேற்று நான்கு மணிநேரம் பஸ்ஸில் போய், அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிவேட்டின் முதுகைக் கண்ணால் பார்த்திருக்கிறார். புரட்ட அனுமதி எழுத்தில் வேண்டும். விண்ணப்பத்தை நான் ஆங்கிலத்தில் எழுத, அவர் மராட்டியில் மாற்றிக் கொடுத்தார். 1999 மே முதல் ஆகஸ்ட் முடிய, அடையாளம் தெரியாத ஆண்கள், தீக்காயம்.

குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பச்சை மை உட்பட. பதினேழு பேர் வெளியேறினார்கள். கலைவாணி தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: “எங்க ஆபீசுலயும் ரெண்டு மூட்டை இருக்கு சார். இன்னைக்கு ஒண்ணப் பிரிச்சேன்.”

41ஆம் பகுதியை யூடியூபிலிருந்து எடுக்கச் சொல்லலாமா என்று ஷாகுல் ஒச்சம்மாளைக் கேட்டாராம். வேண்டாம், இருக்கட்டும் என்றாராம்.

10 ஆகஸ்ட், சனி

நிலுவையில் இருப்பவை:

ஒன்று. மதுரை ஆட்சியர் அலுவலகத்தின் பதில். திங்களன்று, 12ஆம் தேதி, கெடு முடிகிறது. மனுவின் அசல் அங்கே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் என்ன செய்தார்கள் என்பது மட்டும் அதில் தெரியலாம். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேட வேண்டாம் என்று ஷாகுல் மூலம் அவர்களுக்கு எழுதிவிட்டேன். அந்தப் பதில் என்னிடம் இருக்கிறது.

இரண்டு. தேவ்காவ் பதிவேடு. 14ஆம் தேதி, புதன், பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் விடுமுறை. புனேக்காரர் அங்கிருந்தே எனக்குப் பேசுவார். பதிவு இருந்தால் தேதி இருக்கும். இல்லையென்றால் இல்லை என்றும் சொல்லியாக வேண்டும்.

இன்று மாலை ஒச்சம்மாளிடம் இதைப் போனில் தெரிவித்தேன். புதன்கிழமை என்பதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். வியாழன் காலையில் அழைக்கட்டுமா என்றேன்.

“காலையில வேணாம்யா. காலையிலன்னா நான் குளிச்சுப் பொட்டு வச்சிருப்பேன். புதன்கிழமையே பண்ணுங்க. சாயங்காலம், நான் வேல முடிஞ்சு வந்து கை கால் கழுவுன பெறகு.”

ஆறு மணிக்கு மேல் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.